ஒன்பது முறை விலைபோன நெய்மீன்

கல்லூரி ஆண்டு நாளன்று காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணிவரை பழைய மாணவர்கள் இணையத்தில் நன்கொடை அனுப்பலாம் என்று ஞானசிங்கின் போனுக்கு ஒரு லிங்க் வந்தது. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் வீடு. மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் கம்பம் ஏறி இறங்கியவர். கம்பியைப் பிடித்தே விரல் பருத்துப்போனதால், போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் நாலு எழுத்து விழும். ஒருமுறை பேரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அடிக்கப் போய், விமான டிக்கெட் பதிவாகிவிட்டது. அதுமுதல் போனைத் தொடும் வேலை மனைவி ஜெபகனிக்கு, பார்க்கும் வேலை அவருக்கு.

அந்தப் பக்கத்தில் மாணவர் குழுக்களின் பெயர் வரிசையாக இருந்தது. ரோபோ செய்கிற குழு, பறவை பார்க்கிற குழு, ஆங்கிலத்தில் வாதாடுகிற குழு. யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குப் பணம் போடலாம். எல்லாவற்றுக்கும் கீழே காலைக் கஞ்சிக் குழு. மூன்று பிள்ளைகள் அகப்பையோடு சிரிக்கிற படம்.

“ஏட்டி, இது நம்ம கஞ்சி,” என்றார் ஞானசிங்.

“நம்ம கஞ்சி அடுப்புல கெடக்கு. இது காலேஜு கஞ்சி.”

எழுபத்து மூன்றாம் வருடம், அங்கே படித்தபோது, அந்தக் கஞ்சியைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஞானசிங், இன்னொருவர் கடியப்பட்டணத்து யேசுதாசன். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பு மணி அடிக்குமுன் கஞ்சியும் சிறுபயறும். பானை எவ்வளவு பெரிது என்றால், பரீட்சைக்குப் பயந்து அதற்குள் ஒளிந்த தாவரவியல் மாணவன் ஒருவன் கோடை விடுமுறையில் பானை கழுவும்போதுதான் அகப்பட்டான். நல்ல நிறம் வைத்திருந்தான். கொதிக்கிற ஆவி குழித்துறைப் பாலம்வரை போய் நிற்கும். ஆற்றில் மூடுபனி என்று பஸ்காரர்கள் விளக்குப் போட்டு வந்த நாட்கள் உண்டு. யேசுதாசன் பாடிக்கொண்டே கிண்டுவார். குரல் நன்றாக இராது. ஆனால் அவர் வராத நாளில் உப்பு சரியாக இருந்தும் கஞ்சி சப்பென்றிருக்கும்.

அவர் ஒரேயடியாக வராமல் போனதற்குக் காரணம் ஒரு மீன்.

கடைசி வருடம் அரிசிக்குப் பணம் இல்லை. யேசுதாசனின் அப்பா ஒரு நெய்மீன் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் தின்னட்டும், விற்றால் அரிசியும் வாங்கட்டும் என்று. பஸ்ஸில் அந்த மீனின் தலைக்கு ஒரு டிக்கெட், வாலுக்கு ஒரு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. ஞானசிங் அதை ஏலம் விட்டார். அவர் வளர்ந்த சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு முறை உண்டு. ஏலம் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளையும் திரும்பக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே தேங்காயைத் திரும்பத் திரும்ப விற்று ஆலயத்தின் மேற்குச் சுவரைக் கட்டி முடித்தார்கள். முடிந்த அன்று தேங்காய் முளைத்திருந்தது.

அந்த முறைப்படி நெய்மீன் ஒன்பது தடவை விலைபோனது. ஏழாவது தடவையில் மீனின் முகத்திலேயே சலிப்பு தெரிந்தது. ஒரு வருடத்து அரிசிக்குப் பணம் சேர்ந்தது. ஆனால் வெயில் சாய்ந்தபோது மீன் நாறிவிட்டது. விடுதிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

யேசுதாசன் வளர்ந்த கடற்கரையில் ஏலம் என்றால் ஒரே வார்த்தை. ஒருதரம் முடிந்தால் மீன் கேட்டவனுக்கு. அவன் அதைக் கொண்டுபோவான், யாரோ தின்பார்கள்.

“எங்கப்பா ராவு முழுக்க கடல்ல கெடந்து பிடிச்சது,” என்றார் யேசுதாசன். “ஒருத்தன் வாயில போவல்ல. வித்த மீனயே விக்கியதுக்குப் பேரு எங்கூர்ல வேற.”

“பைசா வந்துல்லா மக்கா,” என்றார் ஞானசிங்.

அதுதான் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு.

“ஐநூறு போடு,” என்றார் ஞானசிங் இப்போது. ஜெபகனி போட்டாள். கொடுத்தவர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. தேநீர் ஆறுமுன் அதன்மேல் இன்னொரு பெயர் ஏறியது. யேசுதாசன், கடியப்பட்டணம். ஐநூற்று ஒன்று.

ஞானசிங் நாற்காலியிலிருந்து எழுந்தார். கம்பத்தில் ஷாக் அடித்தபோதுகூட அவர் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.

“உயிரோட இருக்கான். ஏட்டி, ஏலம் கேக்கான் பாத்தியா? அறுநூறு போடு.”

“இது ஏலம் இல்ல. போட்ட பைசா ஒக்க போயிரும், ஒண்ணும் திரும்பி வராது.”

“போடுண்ணா போடு.”

அறுநூறு போட்டதும் அறுநூற்று ஒன்று வந்தது. ஆயிரத்துக்கு ஆயிரத்து ஒன்று. மத்தியானத்துக்குள் பென்ஷனில் பாதி கஞ்சியாகிவிட்டது. ஞானசிங்குக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்த மனிதன் தன்னோடு ஏதோ ஒரு வகையில் பேசுகிறான். பேச்சு நின்றுவிடுமோ என்றுதான் பயம்.

“ரெண்டாயிரம் போடு.”

ஜெபகனி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். “அவரு ஒண்ணும் ஏலம் கேக்கல்ல. ஒரே கஞ்சிய ஒங்களுக்குத் திரும்பத் திரும்ப விக்கியாரு. எத்தன தடவ வாங்குவீங்கண்ணு பாக்காரு. இன்னும் மனசிலாவல்லியா?”

ஞானசிங் உட்கார்ந்தார். பணம் வந்ததே என்று ஐம்பது வருடமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, அந்தக் குழி ஞாபகம் வந்தது. மண்ணைத் தள்ளும்போது யேசுதாசன் மீனின் கண்ணை மட்டும் கையால் மறைத்தார்.

“பைசா போடும்போ எழுதவும் ஒரு எடம் இருக்குண்ணியே,” என்றார். “பத்து ரூவா போட்டு, நான் சொல்லுகத எழுது.”

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். *யேசுதாசா, அந்த மீனை முதல் தடவையே வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கணும். உங்கப்பாவிடம் வந்து சொல்லவும் இல்லை. தப்பு என் பேரில்.*

“இத எல்லாரும் வாசிப்பாவ,” என்றாள் ஜெபகனி.

“எல்லாருமா?”

“துபாய்ல இருக்குதவன்கூட.”

ஞானசிங் யோசிப்பதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது. ராஜையன், பழைய வகுப்புத் தோழர். “ஓய், அந்த மீன ஒம்பதாவதா வாங்கினது நான்தான். மன்னிப்பு அவனுக்கு மட்டும்தானா?”

“உனக்கு மீன் வேணும்ணா குழிய தோண்டு,” என்று ஞானசிங் போனை வைத்தார்.

யேசுதாசனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று மணி, நாலு மணி. கஞ்சிக் குழு கேட்ட தொகை நிறைந்து, அகப்பைப் பிள்ளைகளின் படத்தைச் சுற்றித் திரையில் பூ விழுந்தது. ஞானசிங் அதைப் பார்க்கவில்லை. பட்டியலைத்தான் பார்த்தார். ஐந்தரைக்கு, “அவன் போயிட்டான்,” என்றார்.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஜெபகனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். “யேசுதாசன், ஒரு ரூவா. எழுதியிருக்காரு. எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு, ஒண்ணும் வாசிக்க முடியல்ல, நேருல வந்து சொல்லு.”

“வாசிக்க முடியல்லியாம்,” என்றார் ஞானசிங் கவலையாக.

“வாசிக்காதவரு எதுக்குப் பதில் எழுதுகாரு? காலைல போயிட்டு வாங்க.”

“பஸ்ஸுக்குப் பைசா?”

ஜெபகனி தன் பர்ஸைத் திறந்தாள். “ரெண்டு டிக்கெட்டுக்கு இருக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த ஆளப் பத்திக் கேக்கேன். எனக்கும் பாக்கணும்.”

மறுநாள் காலை பஸ்ஸில் ஞானசிங் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்சீட்டுப் பெண் ஜெபம் என்று நினைத்து ஆமென் சொன்னாள். கடியப்பட்டணத்தில் இறங்கியபோது எல்லாம் மறந்துவிட்டது.

யேசுதாசன் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை, தோள் மட்டும் அதே அகலம். ஜெபகனிக்குக் கைகூப்பினார். பிறகு ஞானசிங்கை மேலும் கீழும் பார்த்தார்.

ஞானசிங் வாயைத் திறந்தார்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார் யேசுதாசன்.

புறப்படுமுன் ஞானசிங் வீட்டில் ஆறு தோசை தின்றிருந்தார். “இல்ல மக்கா,” என்றார்.

ஆறு தோசையையும் சுட்ட ஜெபகனி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.