கோழி வண்டியில் ஏறிய காவடிகள்

1

பாம்ம்ம்ம்ம்!

ஆரன் அடங்கவே இல்லை. ஆடிக் கிருத்திகை அன்று, பள்ளிப்பட்டு போயிருக்க வேண்டிய பஸ் பாதி வழியில் திரும்பி, திருத்தணி ஷெட்டுக்குள் அலறிக்கொண்டு நுழைந்தது. கூரை முழுக்கக் காவடிகள். உள்ளே இருந்தவர்கள் முகத்தில் பக்தியைத் தவிர எல்லாம் இருந்தது.

இந்தக் கதை அந்த ஆரனில்தான் தொடங்கியது. எனக்கு அது கிடைத்தது அரக்கோணம் ரயிலில். எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: “எழுபத்திரண்டுலயோ எழுபத்து மூணுலயோ, ஒரு வண்டி நிறையக் காவடி தப்பான ஊருக்குக் கெளம்பிடுச்சு சார்.” அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அவருடைய ஸ்டேஷன் வந்துவிட்டது. ஆகவே மீதியை நான்தான் எழுதியாக வேண்டும்.

2

கதாநாயகர், அந்த பஸ் கம்பெனியின் மேனேஜர் கோதண்டபாணி. முதல் தொல்லையே அவர்தான். வாரப் பத்திரிகைக் கதாநாயகன் ஏதாவது செய்ய வேண்டாமா? இவர் டீ குடிக்கிறார்.

திங்கட்கிழமைதோறும் ஷெட் நடுவில் ஒரு பழைய டயரைப் போட்டு உட்காருவார். கையிலிருக்கும் டீ தீரும்வரை யார் வேண்டுமானாலும் அவரைத் திட்டலாம். அவர் வாய் திறக்கக் கூடாது. பதில் மறுநாள்தான்.

“பள்ளிப்பட்டு வண்டி மேல கோழிக் கூடை ஏத்துறீங்களே, எச்சமெல்லாம் எந்தலைமேல விழுது. மேனேஜர் தலைமேல விழுந்தாத்தான் தெரியும்!” என்றார் மெக்கானிக் சத்தார் ஒரு திங்கட்கிழமை. மறுநாள் கோதண்டபாணி கேட்டது ஒன்றுதான்: “நீயா இருந்தா இன்னா பண்ணுவே சத்தார்?” அந்த வாரமே கூடைகளுக்கு அடியில் தகரத் தட்டு வந்தது. அந்த பஸ்ஸுக்குக் ‘கோழி வண்டி’ என்ற பெயரும் நிலைத்தது.

3

கண்டக்டர் பச்சையப்பனும் ஒரு திங்கட்கிழமைதான் திட்டினான். “போர்டைத் தமிழ்ல எழுதிட்டு ஆந்திராக்காரங்களைப் படின்னா எப்படி சார்? திருவிழான்னா ‘இது எங்க போவுது’ன்னு கேட்டே என் உயிரை எடுக்குறாங்க.”

அடுத்த நாள், கோதண்டபாணி தூரிகையை எடுத்து ஒரே இழுப்பில்

(இந்த வரியை அடித்துவிட்டேன். அவருக்கு நேராக ஒரு கோடுகூட வராது. பெயிண்டு டப்பாவைப் பச்சையப்பனிடம் கொடுத்தார், அவ்வளவுதான்.)

பச்சையப்பன் படம் வரைந்தான். அரக்கோணத்துக்கு ரயில். அம்மையார்குப்பத்துக்குத் தறி. ரயிலடியிலிருந்து மலையடிவாரம் போகும் வண்டிக்கு மலை. பள்ளிப்பட்டுக்கு, ஷெட்டில் எல்லோரும் சொல்கிறபடி, கோழி. அழகாக இருக்கட்டும் என்று கொண்டை வைத்த சேவலாகவே வரைந்தான்.

வருஷா வருஷம் காவடி எடுக்கிறவன் அவன். அவனுக்கே தோன்றவில்லை. “பிரமாதம்” என்று தலையாட்டிய மேனேஜருக்கும் தோன்றவில்லை.

(கிருத்திகை அன்று கோழி வண்டிக்குக் கண்டக்டரும் அவன்தான். டிக்கெட் போடும்போது தெரிந்திருக்காதா என்பீர்கள். அந்த நெரிசலில் அவனால் உள்ளே காலே வைக்க முடியவில்லை. காவடி செலுத்திவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டான். ஊர் தாண்டிய பிறகுதான் முதல் டிக்கெட்டைக் கிழித்தான்.)

4

“எவன்யா அந்தக் கோழியை வரைஞ்சது?” பஸ் முதலாளி மாடிப்படியில் நின்று கத்தினார்.

“கோழி இல்ல நைனா, சேவல்!” புத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி பஸ்ஸிலிருந்து குதித்தாள். “முருகன் கொடியில கீற சேவல். அதைப் பாத்துத்தானே ஏறினோம்? இப்போ இன்னா, சாமி பள்ளிப்பட்டுக்கு ஊடு மாத்திக்கினு பூட்டாரா?”

ஷெட்டே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. “வரைஞ்சவனை இன்னியோட நிறுத்துங்க.”

பச்சையப்பன் முகம் வெளுத்தது. கோதண்டபாணி அந்த அம்மாளிடம் கேட்டார்: “ஏறும்போது யாரையாச்சும் கேட்டீங்களாம்மா, எங்க போவுதுன்னு?”

“எதுக்குக் கேக்கணும்? அதான் படம் கீதே.”

“கேட்டீங்களா சார்?” மேனேஜர் முதலாளி பக்கம் திரும்பினார். “படம் வேலை செய்யுது. வண்டிதான் மாறிப்போச்சு. சரின்னு சொன்னவன் நான்.”

அதற்குள் யாரும் சொல்லாமலே சத்தார் ஏணி போட்டுச் சேவல் போர்டைக் கழற்றி, மலையடிவார பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தார். காவடிகள் அந்த பஸ்ஸின் கூரைக்கு மாறின.

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். முதலாவதில் முதலாளி மனம் இளகி (கிழித்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.) இரண்டாவதில் மேனேஜர் வேலையை விட்டெறிந்து வசனம் பேசினார். அதையும் கிழித்தேன். அவர் போய்விட்டால் திங்கட்கிழமை யார் டயரில் உட்காருவது?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கிடைத்ததோ, மற்றவர்கள் பயப்படாமல் கண்டுபிடிக்க இடம் விட்ட ஒருவர். அவரைப் போன்ற ஒருவர் எனக்கு வாய்த்திருந்தால் என்ற நினைப்பு, எழுத எழுதக் கூடிக்கொண்டே போகிறது.

முதலாளி திரும்பிப் படியேறினார். மேலே போய் அவர் என்ன முடிவெடுத்தார் என்பதை உங்களிடம் விடுகிறேன். கீழே நடந்தது மட்டும் எனக்குத் தெரியும். பச்சையப்பன் தோளிலிருந்து டிக்கெட் பையைக் கழற்றி மேனேஜர் மேஜைமேல் வைத்தான். கோதண்டபாணி அதை எடுத்துத் திரும்ப அவன் தோளிலேயே மாட்டினார்.

“நாளைக்குத் திங்கக்கெழமைப்பா. இவ்ளோ பெரிய தப்பு பண்ணிகீறேன், என்னைத் திட்ட ஆள் வாணாவா?”