துரை மகளுக்குக் கிடைத்த வார்த்தை

டோலி தரையில் இறங்கிய அதிர்வில் காட்டிலாகா வெள்ளைக்காரத் துரை கண் விழித்தார். மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கிய நால்வரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். பாதையோரத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல், அதன் தலையில் வாடாத அரளிப்பூ. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு மலைமேலுள்ள பைல் நாட்டு மண் அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது.

ஏன் நிறுத்தினார்கள் என்று துரை இங்கிலீஷில் கேட்டார். மொழிபெயர்ப்பதற்கென்று கூட வந்த குமாஸ்தா மாணிக்கம் வாயைத் திறப்பதற்குள், துரையின் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து, கையில் ஊன்றுகோலோடு வந்த ராசம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"தொரை எறங்கி நடக்கோணுங்க. அந்த வளைவு வரைக்குந்தான். சாமி எல்லைய யாரும் அடுத்தவன் தோளுமேல குந்திக்கிட்டுத் தாண்டறதில்லீங்க. மாப்பிள்ளையும் எறங்குவான். பொணத்தக்கூட இங்க கீழ வெச்சுத்தான் மறுபடி தூக்குவோம்."

"பொணத்த எதுக்குப் புள்ள இழுக்கறே?" என்று டோலிக்காரன் வெள்ளையன் பின்னாலிருந்து முணுமுணுத்தான்.

பிணத்தை விட்டுவிட்டு மற்றதை மாணிக்கம் இங்கிலீஷில் சொன்னான். துரையின் கழுத்து சிவந்தது. "இம்ப்யுடன்ஸ்!" என்றார். அதை அவளிடம் சொல்லும்படி விரலை நீட்டினார்.

மாணிக்கத்துக்கு அது பழகிய வார்த்தை. காட்டிலாகா ஆபீசில் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்ட குடியானவனுக்கும், கும்பிட மறந்த கிழவனுக்கும் அது கிடைத்திருக்கிறது. ஒருமுறைகூட அவன் அதை அப்படியே தமிழில் சொன்னதில்லை. 'தொரைக்குத் தலைவலி, நாளைக்கு வாங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவான். ஒரு மனிதர் மனம் நோகாமல் வீடு போய்ச் சேர்ந்தால் அந்தப் பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார் என்பது அவன் நம்பிக்கை. ஆனால் வெகுநாளாக இன்னொன்றும் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதே துணிச்சலை ஒரு வெள்ளைக்காரர் காட்டினால் 'போல்டு', தைரியசாலி. குதிரையிலிருந்து விழுந்தும் மறுபடி ஏறினால் 'ப்ளக்கி', நெஞ்சுரம் உள்ளவர். அவர்கள் பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால் 'சீக்கி', குறும்பு என்பார்கள், சிரித்துக்கொண்டே. செயல் ஒன்றுதான். செய்கிறவரைப் பார்த்துத்தான் வார்த்தை புறப்பட்டு வந்தது.

இன்று காலை அடிவாரத்தில் தேநீர் குடிக்கும்போதுகூடத் துரை தம் சின்ன மகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். விருந்துக்கு வந்த கலெக்டர் ஜெபம் சொல்வதற்கு முன்பே ரொட்டியைக் கடித்துவிட்டாராம். "முதலில் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்" என்று அந்தக் குழந்தை அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டதாம். 'போல்டு' என்று துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். அதே மேசையில்தான், இந்தப் பயணம் முடிந்ததும் மாணிக்கத்தின் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார்.

மாணிக்கம் ராசம்மாள் பக்கம் திரும்பினான். "ஏம்மா, தொரைக்கு முட்டி வலிக்குதாம். நடந்தா கஷ்டமாயிருக்குமாம், அதனால கொஞ்சம்..."

ராசம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"அவரு ஒத்த வார்த்தைதானுங்களே சொன்னாரு? நீங்க முழ நீளத்துக்குச் சொல்றீங்க. உள்ளதச் சொல்லுங்க சாமி."

டோலிக்காரன் வெள்ளையன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். மாணிக்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை. "திமிருங்கறாரு" என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தலைல இத்தாம்பெரிய பெட்டிய வெச்சுக்கிட்டுத் திமிரா நிக்க முடியுங்களா? கழுத்து ஒடிஞ்சு போயிரும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கு அவருமேல கோவமில்லீங்க. ஊர் விட்டு ஊர் வந்த மனுசன். சாமி முன்னால தெரியாமத் தப்புப் பண்ணிட்டுப் போயிரக் கூடாதில்ல? அதாங்க சொன்னேன்."

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். மாணிக்கத்துக்கு நிரந்தர வேலையும், அதை நம்பி வீட்டில் காத்திருப்பவர்களும் நினைவில் வந்து நின்றார்கள். பெட்டியின் கனத்தில் ராசம்மாளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் இன்னும் அதை இறக்கி வைக்கவில்லை. இறக்காமலேதான் அவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதை ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னான். பிணத்தையும் சேர்த்துக்கொண்டான். அதோடு அவன் நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் கேட்காத தன் சொந்த வாக்கியத்தை அந்த மொழியில் மெதுவாகக் கட்டினான்.

"ஐயா, உங்கள் மகள் கலெக்டரைக் கடவுளுக்காக நிறுத்தினாள். இந்தப் பெண்ணும் கடவுளுக்காகத்தான் உங்களை நிறுத்துகிறாள். காலையில் உங்கள் மகளுக்கு நீங்கள் கொடுத்த வார்த்தை இவளுக்கும் பொருந்தும். அதைத்தான் இவளிடம் சொல்ல விரும்புகிறேன். உங்கள் உத்தரவு வேண்டும்."

 சொல்லி முடிக்கும்வரை அவன் தலை குனியவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

 துரை உத்தரவு தரவில்லை. பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து கல்லை மறைத்தது, பிறகு விலகியது. அப்போது டோலியிலிருந்து ஒரு பூட்ஸ் கால் வெளியே வந்து செம்மண்ணைத் தொட்டது.

"வழுக்கும்ங்க" என்று ராசம்மாள் தன் ஊன்றுகோலை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமலே துரை அதை வாங்கிக்கொண்டார்.

"அவருகிட்ட என்னங்க சொன்னீங்க?" என்று அவள் மாணிக்கத்திடம் கேட்டாள்.

"தைரியசாலின்னு சொன்னேன்."

"யார?"

மாணிக்கம் அவளைப் பார்த்துச் சிரித்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கல்லைத் தாண்டினான். மண் குளிர்ந்திருந்தது. முன்னால் துரை கோலை ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தலையணையில் அவர் சாய்ந்திருந்த குழி அப்படியே இருக்க, வெறும் டோலி நால்வர் தோளிலும் லேசாக ஆடிக்கொண்டே போனது.