பெயர் கேட்காத வாசல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. பாகிஸ்தான் எல்லையோர வஜீரிஸ்தான் மலையில் எங்கள் பக்கத்து ஊர் மீர்தாதுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்ப்பீர்கள்.

மீர்தாதின் தம்பி ஜான்பாஸ் விருந்தினர் அறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆளில்லா விமானத்தின் குண்டு விழுந்து இறந்தான். மறுநாள் செய்தித்தாள் அவனைத் தீவிரவாதி என்றது. தும்மினால்கூட ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கிறவன் அவன்! அந்த ஒரு சொல்லைத் துடைக்கத்தான் மீர்தாத் பெஷாவர் போய் வக்கீல் நஹீத் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"நம்ம மண்ணுல யாரும் போர் அறிவிக்கலண்ணே. போர் இல்லாத எடத்துல குத்தவாளியக்கூட விசாரிக்காம கொல்லக் கூடாது. அதான் நம்ம வழக்கு. ஆனா கோர்ட்டுல மொதல்ல கேப்பாங்க, அன்னிக்குத் துப்பாக்கியோட யாராச்சும் வந்தாங்களான்னு," என்றாள் நஹீத்.

"ரெண்டு பேரு வந்தாங்க. ரொட்டி கேட்டாங்க, குடுத்தோம். தின்னுட்டுப் போயிட்டாங்க."

நஹீதின் பேனா நின்றது. "யாரு அவங்க?"

"கேக்கலியே."

"கேக்கலியா?"

"என்ன தங்கச்சி, பெஷாவர் தண்ணி குடிச்சதும் மறந்துட்டியா? வாசல்ல நிக்கிற விருந்தாளிகிட்ட நீ யாருன்னு கேட்டுட்டு நான் ஊர்ல தலைப்பாகை கட்ட முடியுமா? துப்பாக்கி அங்க எவன்கிட்டதான் இல்ல?"

அவள் சிரிக்கவில்லை. "யாரும் வரலன்னு எழுதினா, ஊரே பாத்திருக்கு, வழக்கு உடஞ்சிரும். வந்தாங்கன்னு எழுதினா அடைக்கலம் குடுத்த வீடும்பாங்க. அவங்க தீவிரவாதின்னு எழுதினா..."

"அவங்களே வந்து என்னை முடிச்சிருவாங்க."

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலுக்கும் அவன் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"நடந்தத எழுது," என்றான் கடைசியில். "ரொட்டி குடுத்தோம், பேரு கேக்கல."

"ஜான்பாஸ் மேல விழுந்த பேரு போகாமலே போயிடலாம்ணே."

"தெரியும். பொய்ய ஊத்தி அவனக் கழுவ வேணாம்." பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினான்.

ஒரு வாரம் போயிருக்கும். நண்பகல். மேலே ஆளில்லா விமானத்தின் அதே வண்டு இரைச்சல். மீர்தாதின் வீட்டு வாசலில் இரண்டு அந்நியர்கள், தோளில் துப்பாக்கி.

"அண்ணே, ரொட்டி இருக்குமா?"

மனைவி ஜர்மினா உள்ளிருந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "இல்லன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ."

அவன் வானத்தைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. "ஜான்பாஸ் பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியா உங்க அண்ணன் வீட்டுக்குப் போ. ஓடாத. நடந்து போ."

ஜர்மினாவும் பிள்ளைகளும் ஓடையைத் தாண்டும்வரை பார்த்திருந்தான். பிறகு துணி விரித்து, ரொட்டி வைத்து, தேநீர் ஊற்றினான். விருந்தாளியைத் தனியே உண்ணவிடக் கூடாதே, அவனும் கூடவே உட்கார்ந்தான். பெயர் கேட்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தான். இரைச்சல் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் பசியை மட்டும் கொண்டு வரட்டும், செல்லங்களே. உங்கள் கூரைக்கு மேலே பறவைகள் மட்டும் பறக்கட்டும்.