கைதட்டலுக்கு அடியில்

இசையமைப்பாளர் நாட்லர் கவிதையின் நாலாவது பத்தியை வெட்டிவிட்டார். எழுதியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியன்னாவில் இது குற்றமே இல்லை. ஆண்டு மலரில் ஒரு கவிதை பிடித்துப்போனால் இசையமைப்பவர் எடுத்துக்கொள்வார். வேண்டியதை வைத்துக்கொள்வார், மற்றதைத் தள்ளுவார். எழுதியவருக்குக் கிடைக்கிற மரியாதை, முதல் தடவை பாடும் வீட்டுக்கு ஓர் அழைப்பு. அன்று அது என் வீடு. வந்தவள் வால்புர்கா.

கவிதை, காய்ச்சலில் போன அவள் மகன் கொலமனைப் பற்றியது. ஆறு வயது. நாலாவது பத்தி முழுக்க அவன் கடைசியாகப் பேசியது: விளக்கை அணைக்காதே அம்மா, நான் இன்னும் தூங்கவில்லை.

"எழுதினதோட சரி, அதை நான் வாய்விட்டுப் படிச்சதே இல்ல," என்று என் காதில் சொன்னாள். "இன்னொருத்தர் குரல்ல கேட்டா தாங்கிக்குவேன்."

நாட்லர் பியானோ முன்னால் உட்கார்ந்தார். பாடகன் ஃபெர்டல் பாடினான். மூன்றாவது பத்தி முடிந்ததும் வாயை மூடினான். கூடமே கை தட்டியது. நாட்லரின் விரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, யார் கேட்டார்கள்? பாடுகிறவன் நிறுத்தினால் பாட்டு முடிந்தது. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி.

வால்புர்கா எழுந்தாள். கைதட்டல் நின்றது.

"என் பையன் எங்க?"

நாட்லர் திரும்பினார். "பியானோவுல இருக்கான்மா."

"கதை விடாதீங்க. அவன் பேசினதைப் பாடச் சொல்லுங்க."

அவர் வாதாடவில்லை. மூன்றாவதின் மெட்டிலேயே நாலாவதைப் பாடச் சொன்னார். ஃபெர்டல் பாடினான். சொல் ஒன்றும் பிசகவில்லை. ஆனால் தொந்தியும் மீசையுமாக ஒருவன் நின்று அம்மாவிடம் விளக்கு கேட்டான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

வால்புர்காவின் முகம் வெளுத்தது. "போதும், நிறுத்துங்க."

யாரும் சொல்லாமலே நாட்லர், கைதட்டலில் மூழ்கிப்போன அந்தப் பியானோ முடிவை மட்டும் தனியாக வாசித்தார். இந்த முறை ஒருவரும் அசையவில்லை. வலது கையில் ஒரு சின்ன மெட்டு. நிற்கும், மறுபடி கிளம்பும், தூங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பதுபோல. இடது கை பொறுமையாகக் கூடவே போனது. பாதியில் வலது கை நின்றுவிட்டது. இடது கை சற்றுக் காத்திருந்தது. அவ்வளவுதான்.

வால்புர்கா மெல்ல உட்கார்ந்தாள். பிறகு, "மூணே போதும்," என்றாள். "நாலாவதை அச்சுல போட வேண்டாம்."

அந்தக் குளிர்காலத்திலேயே பாட்டு அச்சாகி ஊரெல்லாம் பரவியது. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அவள் போனாள். துணைக்கு நான். ஒவ்வொரு வீட்டிலும் அதே கதை. மூன்றாவது பத்தி முடியும், பாடகர் வாயை மூடுவார், கைகள் படபடவென்று தட்டும். அவள் மட்டும் முன்னால் குனிந்து, அந்தச் சத்தத்துக்கு அடியில் பியானோவைக் காதால் துழாவுவாள்.

ஒரு வீட்டில் பொறுக்க முடியாமல் கையை உயர்த்திவிட்டாள். "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

வீட்டுக்காரி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினாள்.