குறைச்சு விடுங்கோ

என் கணவர் அஞ்சலோவின் பெரியம்மா ஒரு புதன்கிழமை கந்தளாயில் செத்துப்போனா. பாவம், அவவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அடக்கம் வியாழன் பிற்பகல் என்று கேட்டதும் நாள்காட்டியை எட்டிப் பார்த்தேன். வெள்ளி மதியம் பன்னிரண்டு மணிக்குள் நான் ஒரு படத்தை அனுப்பியாக வேண்டும்.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கணினிக்குள் கட்டிக் காட்டுவதுதான் என் தொழில். நாலு வருடமாகத் துண்டு துண்டாகக் கிடைத்த வேலைகள். இப்போது கொழும்பில் ஒரு நிறுவனம் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தது. ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டில் இருந்தபடியே செய்யலாம், மாதச் சம்பளம். கடைசிச் சுற்றில் நானும் இன்னொருவரும் மட்டும். ஒரு ஹோட்டலுக்குள் நடந்து போவதைப்போல இரண்டு நிமிடப் படம் செய்து தரவேண்டும். பிந்தினால் பார்க்கவே மாட்டோம் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு நிமிடம் என்றால் மூவாயிரம் படங்கள். என் கணினி அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க முப்பது மணித்தியாலம் வேண்டும். புதன் மதியம் தொடங்கினேன். பாரம் முழுக்க உள்ளே இருந்து படங்களைச் செய்யும் கிராஃபிக்ஸ் கார்டில்தான். அதுவோ ஆரோ பாவித்துக் கழித்தது. அதன் விசிறி சூட்டுக்கேற்பத் தானாகச் சுழலுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. திரை மூலையில் இரண்டு இலக்கங்கள் தெரியும், ஒன்று சூடு, மற்றது விசிறியின் வேகம். சூடு எண்பதைத் தாண்டினால், பக்கத்தில் இருக்கும் கோட்டைப் பிடித்து இழுத்து வேகத்தை நான் கையால் கூட்ட வேண்டும். ஆறியதும் திரும்ப இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கிழட்டு விசிறி கழன்று விழுந்துவிடும். கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதம் வேறு. கைக்குழந்தையோடு இருப்பவள்கூட என்னைவிட ஆறுதலாக இருந்திருப்பாள்.

"பெரியம்மா உங்கட. நீங்கள் போங்கோவன்" என்றேன் அவரிடம், வியாழன் காலை.

"நேற்றுப் பின்னேரமே போய்ப் பாத்திட்டு வந்தனான். விடிய விடிய வேலை செய்து போட்டு இண்டைக்கும் பஸ்ஸில போக ஏலாது. எங்கட வீட்டில இருந்து ஒருத்தராவது நிக்க வேணும், இல்லாட்டிச் சனம் கதைக்கும்" என்றார்.

அவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பகலில்தான் படுப்பார். நியாயமான கதைதான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. சனத்தின் வாய்க்குப் பயந்து கறுப்புச் சேலையைக் கட்டினேன். போகுமுன் அவரைக் கணினிக்கு முன்னால் இருத்தினேன்.

"இதில எண்பதுக்கு மேல போனா உடன குறைச்சு விடுங்கோ. இந்தக் கோட்டைப் பிடிச்சு இழுத்தாச் சரி. நாலு மணித்தியாலம்தான். படுத்திடாதேங்கோ."

"ஓம் ஓம், விளங்குது" என்றார். என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

பஸ் கப்பல்துறையைத் தாண்டும்போது அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். எழுபத்தெட்டு என்றார். கொஞ்சம் மூச்சு வந்தது. கந்தளாயில் கோயிலுக்குள் பாதர் பூசையைத் தொடங்கியபின் என் கைப்பையில் போன் அதிர்ந்தது. கடைசி வாங்கில் இருந்தவள் குனிந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எடுத்தேன்.

"எண்பத்தி மூண்டு காட்டுது."

"குறையுங்கோ."

"குறைச்சிட்டன். இப்ப எண்பத்தெட்டு."

"இன்னும் குறையுங்கோ!"

முன் வாங்கிலிருந்த கிழவி திரும்பிப் பார்த்து முறைத்தா. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

"ஆ, இப்ப நல்லாக் குறைஞ்சிட்டுது. நீ யோசிக்காத" என்றார் அஞ்சலோ. குரலில் அவ்வளவு திருப்தி. நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லி, செத்தவவுக்காக உண்மையாகவே மன்றாடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு அந்தக் கோயிலில் நிம்மதியாக இருந்தது நான் ஒருத்திதான்.

நாலரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அறையில் கருகிய பிளாஸ்டிக் மணம், திரை கறுப்பு. பெட்டியைத் தொட்டேன், இன்னும் சூடு ஆறவில்லை. அடுத்த அறையில் அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

உலுப்பி எழுப்பினேன். "என்ன செய்தனீங்கள்?"

"நீ சொன்ன மாதிரித்தான் குறைச்சன். எழுபதில நிண்டதை அம்பதாக்கினன். நீ இன்னும் எண்டாய், முப்பதாக்கினன்."

"ஐயோ, அது விசிறியப்பா! நான் சூட்டையெல்லோ குறைக்கச் சொன்னனான்!"

"குறை எண்டுதானே சொன்னனி? சூடு எண்டு ஒரு சொல்லுச் சொன்னனியே?"

சொல்லவில்லைத்தான். ஆனால் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருடமாக அந்த அறையிலிருந்து விசிறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கட்டிலில் கிடந்தபடி "குறையடி!" என்று கத்துவார். நானும் வேலையை நிறுத்தி, வேகத்தை இறக்கிவிட்டு, அவருடைய குறட்டை வரும்வரைக்கும் சும்மா இருப்பேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் கருத்து. அந்தக் கருத்தைப் பழக்கி வைத்தவள் நான். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் இருத்திச் சொன்னதில்லை.

"சூடு ஏறினதைக் காணேல்லையே?"

"சத்தம் அடங்கினாப்பிறகு ஆர் பாத்தது? கண்ணைச் சொருகிச்சுது, படுத்திட்டன்."

கார்ட் கருகிப்போனது. அதுவரை செய்த இரண்டாயிரத்து ஐந்நூறு படங்கள் பத்திரமாக இருந்தன. மிச்சத்தைக் கார்ட் இல்லாமல் செய்தால் ஆறு நாள் எடுக்கும். கறுப்புச் சேலையோடேயே டவுனுக்கு ஓடி மூன்று கடை ஏறி இறங்கினேன். அந்த அளவு கார்ட் ஒருவரிடமும் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்க நாலு நாளாகும் என்றார்கள். நிறுவனத்துக்கு நடந்ததை எழுதி ஒரு கிழமை தவணை கேட்டேன். வெள்ளி காலை பதில் வந்தது. வருந்துகிறோம், மற்றவருடைய படம் கிடைத்துவிட்டது, அவரையே எடுத்துக்கொண்டோம். இரண்டே வரி. முழுப் பெயர் போட்டு மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், அதுதான் இன்னும் எரிந்தது.

அழவில்லை. மீன் வாங்கி வெட்டினேன், சோறு வடித்தேன். இரவு வேலை முடிந்து வந்து படுத்தவர் மதியம் ஒரு மணிக்கு எழும்பி, முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. கண்ணடியில் இருந்த கறுப்புக்கூடக் கொஞ்சம் மங்கியிருந்தது.

"வேலை போயிட்டுது" என்றேன்.

ஊற்றப்போன குழம்புக் கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தார். அவருக்கும் கவலைதான், பொய் சொல்லக்கூடாது.

"சரி விடு, நீயும் நல்லாத்தான் கஷ்டப்பட்டுப் போனாய். கொஞ்ச நாள் ஆறுதலா இரன். உண்மையைச் சொன்னா, நேற்றும் இண்டைக்கும்தான் நான் மனுசன் மாதிரி நித்திரை கொண்டனான். புதுக் கார்ட் பிறகு பாப்பம், என்ன?"

எனக்கு அந்தக் கோப்பையைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. அவருடைய நித்திரையை வெறுத்தேன், அந்தத் தெளிந்த முகத்தை வெறுத்தேன். மூன்று வருடம் அவர் தூங்கட்டும் என்று அடங்கிக் கிடந்த என்னை எல்லாவற்றையும்விட அதிகமாக வெறுத்தேன். வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் மட்டும் எங்களுக்குள் இன்றுவரை குழப்பம் வந்ததில்லை.