பள்ளிச் சுவரில் ஒரு பிளக்

1

குற்ற உணர்ச்சியில் பிறந்த கதை இது. கல்முனையில் எங்கள் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யும் இடத்துச் சுவரில் ஒரேயொரு பிளக் பொயின்ட் இருக்கிறது. போன மாதம் பின்னேர அஸர் தொழுகை நேரம், அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த, பெற்றோலிலிருந்து கரண்டுக்கு மாற்றிய முர்ஷிதின் ஓட்டோ வயரை ஒருவர் கழற்றிவிட்டார். யாரென்று பிறகு சொல்கிறேன். (சொல்வேனா?)

2

முதல் தொடக்கம்: “உலக நாடுகள் சேர்ந்து முர்ஷிதின் ஓட்டோவைச் செய்தன. உடம்பு இந்தியா. மோட்டரும் கொன்ட்றோலரும் சீனா. பெற்றரி, ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றியது. பூட்டும் விதம் பிரேசில்காரர் ஒருவரின் வீடியோ, மொழி விளங்காமலே பார்த்துப் பார்த்து –”

சீச்சீ, கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்? 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் காய்ந்த மனிதனின் எரிச்சல் இதில் எங்கே?

3

இரண்டாவது தொடக்கம்: “சுற்றாடலைக் காப்பாற்றத் துடித்த –”

பொய். அவன் காப்பாற்ற நினைத்தது தன் ஹயரை, அன்றாட ஓட்டக் கூலியை. வீட்டில் ஏற்றிய சார்ஜ் பின்னேரம் முடிந்துவிடும். தொழுகிற நேரம் கொஞ்சம் ஏற்றினால்தான் ரியூஷன் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடலாம்.*

* பள்ளியில் போன் சார்ஜ் போடுபவர்களை இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

4

நடந்தது இதுதான். தொழுதுவிட்டு வந்த முர்ஷித் வயரைப் பார்த்தான்.

“ஆரு காக்கா கழட்டின?” என்று அண்ணன் முறை வைத்து என்னைக் கேட்டான்.

“பள்ளிக் கரண்ட், தம்பி. வக்பு சொத்து, அல்லாஹ்வுக்கெண்டு விட்டது. ஆக்கள் கதைக்காங்க” என்றேன்.

“மௌலவிக்கிட்டக் கேட்டுத்தானே போட்டன்?”

அன்று பெரியநீலாவணையில் சார்ஜ் தீர்ந்து ஓட்டோ நின்றுபோய், நான்கு பிள்ளைகளை உள்ளே வைத்துத் தள்ளிக்கொண்டு போனானாம். என் பேச்சைக் கேட்டு நின்றவர்கள் அவனுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: கரண்ட் கள்ளன். பிறகு அவன் எங்கள் பள்ளிப் பக்கம் வரவில்லை.

5

இன்று கராஜ் பிலிப்பு சொன்னார்: “முர்ஷித் நாளைக்கு மோட்டரக் கழட்டிப்போட்டுப் பழைய இஞ்சினப் பூட்டச் சொல்லிற்றான். ‘கள்ளன் எண்ட பேரோட இத ஓட்டேலாது’ எண்டு அழுறான்.”

முடிவு ஒன்று: மௌலவி வெள்ளி ஜும்ஆவில் உண்மையைச் சொல்கிறார். (அனுமதி கொடுத்தது தெரியும்; கழற்றியது யாரென்று அவருக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: ஊர் மறந்துவிடுகிறது. (எங்கள் ஊரா?)

சரி, போதும். கழற்றியது நான். வக்புக்காக அல்ல, என் போனில் சார்ஜ் மூன்று வீதம்தான் இருந்தது. அவனுடைய வயரை இழுத்துவிட்டு அதே இடத்தில் என் சார்ஜரைச் சொருகினேன். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு ஓடிவந்து அதைப் பொக்கற்றுக்குள் ஒளித்தேன். ஆக்கள் யாரும் கதைக்கவில்லை. கதைத்தது நான் மட்டும்தான்.

6

இப்போது அதே போன்தான் கையில். கதைக்கு இத்தனை தொடக்கம் எழுதிய எனக்கு, முர்ஷிதுக்கு எடுக்கும் இந்தப் போன் கோலுக்கு ஒரு தொடக்கம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. ரிங் போகிறது. எடுக்காவிட்டால் நல்லது என்றுகூட –

“சொல்லுங்க காக்கா.”

எடுத்துவிட்டான். வாசகரே, நீங்களாவது ஒரு தொடக்கம் சொல்லுங்கள், கெதியாக. அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.