வக்கீலா, நர்ஸா, கப்பலா?

பூவைக் கால்மாட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் நேராக அவளிடம் வந்தார்.

"வக்கீலுக்குப் படிக்கப் போற பொண்ணு நீதானே?"

அவள் விழித்தாள். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"வக்கீலா? எங்கிட்ட நர்ஸுன்னார்!"

"போங்க சார். கப்பல் இன்ஜினியர். போன வாரம் முடி வெட்டும்போது சொன்னார். கடல் ஒத்துக்குமான்னு நான்கூட கேட்டேன்."

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாதான் வாயைத் திறக்கவில்லை.

அரசுப் பள்ளியில் அவளோடு பன்னிரண்டாவது முடித்தவர்கள் எல்லோரும் கல்லூரியை முடிவு செய்துவிட்டார்கள். அவள் மட்டும் பாக்கி. இணையத்தில் விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். மனதில் ஒன்று இருந்தது. அப்பா கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவரோ வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் தன் சலூனுக்கு வந்தவர்களிடம் ஆளுக்கொரு படிப்பை ஏன் சொல்லி வைத்தார்?

மாமா காதருகே குனிந்தார். "காலேஜை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. என் கடைக் கல்லாவுல ஆளில்ல. நாளன்னைக்கு வந்து உக்காந்துக்கோ."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒருவர் உள்ளே வந்தார். வலது கன்னம் வழவழ. இடது கன்னத்தில் நரை முள். காலையில் பாதிச் சவரத்தில் அப்பா சரிந்தபோது, ஆஸ்பத்திரி வரை மடியில் தாங்கிப் போனவர்.

அவள் எழுந்து போனாள். "சார், உங்ககிட்ட நான் என்ன படிக்கப் போறேன்னார்?"

"டீச்சர்னார். நான் விடல. போன மாசம் வக்கீல்னீங்களேன்னு மடக்கினேன். சிரிச்சிட்டார். 'ஒவ்வொண்ணா சொல்லிப் பாக்கறேன் சார். அதுல என்ன கஷ்டம்னு நீங்கள்லாம் சொல்லுவீங்கல்ல. நாளைக்கு அவ பேசும்போது நான் முழிக்கக் கூடாது'ன்னார்."

"என்னையே கேட்டிருக்கலாமே?"

"நானும் அதான் சொன்னேம்மா. 'நான் கேட்டா எனக்குப் பிடிச்சதைச் சொல்லிடுவா. அவளா சொல்லட்டும்'னார்."

அவள் திரும்பி வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். செல்போனைத் திறந்து ஓர் இடத்தில் அழுத்தினாள்.

"கல்லாவுக்கு வேற ஆள் பாருங்க மாமா."

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா நிமிர்ந்தாள். "எதுடி போட்ட?"

"விலங்கியல்."

யாருக்கும் அப்பா சொல்லாத படிப்பு.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுல என்ன கஷ்டம்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சலூன் வாடிக்கையாளர்கள் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் தூக்கி, கொஞ்சம் கிட்டே போட்டுக்கொண்டார்கள்.